எத்ரோக்கைப் பார்க்கும் கண்ணால் ஆற்றலரியையும் பாருங்கள்: எருசலேமில் வாங்கிய நான்கு இனங்கள்

கூடாரப் பண்டிகையில் யூதர்கள் கையில் ஏந்தி வழிபடும் நான்கு தாவரங்களின் தொகுப்பை இந்த முறை நானே சந்தைக்குப் போய்த் தேர்ந்தெடுத்து வாங்கினேன். எருசலேமில் நான் உடனிருந்து பராமரித்து வரும் பெரியவருக்கு வயது 86. வழக்கமாக அவருடைய மகன்தான் இதை வாங்கி வருவார். இம்முறை அவர் வேலை நிமித்தம் வெளிநாட்டில் இருந்ததால், பெரியவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி அழைத்துச் செல்வது, அவர் சொல்லச் சொல்ல நான் பார்த்துப் பொறுக்குவது என்று முடிவாயிற்று. வாங்கியது எப்படி இருந்தது, ஏழு நாளும் தாங்கியதா, கொடுத்த பணத்துக்குத் தகுமா என்பதை, இங்கே என்னைப் போல யூதக் குடும்பங்களில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கும், இந்தப் பண்டிகையை வேதாகமத்தில் மட்டுமே படித்து அறிந்தவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

லேவியராகமத்தின் 23ஆம் அதிகாரத்தில் இந்தக் கட்டளை இருக்கிறது. அலங்காரமான விருட்சத்தின் கனி, பேரீச்சின் ஓலை, தழைத்த விருட்சத்தின் கிளை, ஆற்றலரி ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு ஏழு நாள் கர்த்தருடைய சந்நிதியில் மகிழ்ச்சியாயிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கனி எது, கிளை எது என்று மூலத்தில் பெயர் சொல்லப்படவில்லை. யூத மரபு அந்தக் கனியை எத்ரோக் என்றும், தழைத்த கிளையை ஹதாஸ் என்றும் பழங்காலத்திலேயே உறுதி செய்துவிட்டது. எத்ரோக் நம் ஊர் நார்த்தைக்கு மிக நெருங்கிய உறவு. ஹதாஸ் என்பது தமிழ் வேதாகமம் மிருதுச்செடி என்று அழைக்கும் செடி. பேரீச்ச ஓலைக்கு லூலாவ் என்றும் ஆற்றலரிக்கு அரவா என்றும் பெயர். ஒரு தொகுப்பில் எத்ரோக் ஒன்று, லூலாவ் ஒன்று, ஹதாஸ் மூன்று, அரவா இரண்டு இருக்கும்; ஆக ஏழு உருப்படிகள்.

பாவநிவிர்த்தி நாளாகிய யோம் கிப்பூர் முடிந்து ஐந்தாம் நாள் கூடாரப் பண்டிகை தொடங்குவதால், இடையில் கிடைக்கும் நான்கு நாளில்தான் விற்பனை சூடு பிடிக்கும். மகனே யெஹூதா சந்தையின் பக்கத்திலும் மேயா ஷெஆரிம் தெருக்களிலும் அந்த நாட்களுக்கென்றே நீள மேசைகளைப் போட்டுக் கடை விரிக்கிறார்கள். சிறுவர் முதல் தாடி நரைத்தவர் வரை ஆளுக்கொரு உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் ஒரு காயை எடுத்து, வெயில் பக்கம் திருப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கும் காட்சியை வேறு எந்தச் சந்தையிலும் நான் பார்த்ததில்லை. நகை வாங்கும் கடையில்கூட இவ்வளவு நிதானம் இருக்காது. விலை கேட்பதும் பேரம் பேசுவதும் உரத்த குரலில் நடக்கும். காயைப் பார்க்கும்போது மட்டும் எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள்.

நான் வாங்கிய கடையின் பெயரை எழுதப் போவதில்லை. பிற்பாடு சொல்லப் போகும் குறை அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியது அன்று என்பது அதற்கு ஒரு காரணம். எல்லாமாக இஸ்ரேல் நாணயத்தில் 160 ஷெகல் கொடுத்தேன். அதில் எத்ரோக் மட்டும் 100. மீதி மூன்றும் ஒரே நெகிழி உறையில் அடைத்து, தரச்சான்று ஒட்டி, ஆயத்தமாக வைத்திருந்தது.

எத்ரோக்கைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் வாங்குகிறவர்களின் கவனமும் பணமும் முக்கால் பங்கு அதற்கே போகிறது. சணல் நாரைப் போன்ற மெத்தை மேல், சிறிய அட்டைப் பெட்டிக்குள் படுத்திருந்த அந்தக் காயை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது மூக்கில் ஏறிய மணம் என்னை நேரே எங்கள் வீட்டுக் கொல்லைக்குக் கொண்டு போயிற்று. உப்பு நார்த்தங்காய் போட அம்மா சுருள் சுருளாக அரியும்போது கையில் ஒட்டும் அதே எண்ணெய் மணம்தான். ஆனால் கொஞ்சம் பூ வாசமும் சேர்ந்திருந்தது. எடை கூடுதல், ஏனென்றால் உள்ளே சாறு குறைவு, வெள்ளைத் தோல் சதைதான் பெரும்பகுதி. எத்ரோக்கின் தோல் எலுமிச்சையைப் போல வழவழப்பாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்றார் பெரியவர். வேறு எலுமிச்சை இனத்தின் மீது ஒட்டுக்கட்டி வளர்த்த மரத்தின் காய் செல்லாது என்று சுமார் 500 ஆண்டுகளாக யூதச் சட்ட அறிஞர்கள் வலியுறுத்தி வருகிறார்கள். தோலில் மேடுபள்ளம், தடித்த உட்சதை, கீழ்நோக்கி உள்ளடங்கிய காம்பு ஆகியவை ஒட்டில்லாத மரத்தின் அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன.

காம்புக்கு எதிர்முனையில் சிறு குமிழ் போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்குப் பிதாம் என்று பெயர். பூவின் சூலகத் தண்டு உதிராமல் காயிலேயே தங்கிவிடுவதுதான் அது. இயல்பாகவே பிதாம் இல்லாமல் வளர்ந்த காய் செல்லும். இருந்து பிறகு ஒடிந்த காய் செல்லாது. இந்த ஒரு விதியால்தான் பெட்டியும் மெத்தையும் இத்தனை ஜாக்கிரதையும். காயின் தலைப்பகுதி, அதாவது பருத்த நடுவிலிருந்து பிதாமை நோக்கிச் சரியும் பகுதி, மிக முக்கியம். கண்ணாடி இல்லாமல் பார்க்கும்போதே தெரியும் கரும்புள்ளி ஒன்று அங்கே இருந்தாலும் காய் தள்ளுபடி. இலை உரசியதால் வரும் தவிட்டு நிறத் தழும்பு பரவாயில்லை. நான் மூன்றாவதாக எடுத்த காயில், தலைப்பகுதியில் கடுகில் கால்வாசி அளவு ஒரு புள்ளி இருந்தது. கடைக்காரர் அது தூசி என்றார். பெரியவர் நகத்தால் மெல்லத் தள்ளிப் பார்த்து, புள்ளி நகராததால், காயைத் திரும்ப மெத்தையில் வைத்துவிட்டார். ஐந்தாவது காய் அவருக்குப் பிடித்தது: அடி அகன்று, இடை சற்றே ஒடுங்கி, பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஆப்பிள்களோடு சேர்த்து வைத்தால் சீக்கிரம் மஞ்சளாகிவிடும் என்று அவர் சொன்னபடி செய்தேன், இரண்டே நாளில் நன்றாக நிறம் வந்தது. ஆப்பிளிலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயுவின் வேலை அது. நம் ஊரில் பழுத்த பழத்தோடு காயை மூடிவைத்துப் பழுக்க வைப்பதும் இதே முறைதான்.

இந்தக் காயின் பூர்விகம் இந்தியாவின் வடகிழக்கை ஒட்டிய இமயமலை அடிவாரம். அங்கிருந்து பாரசீகம் வழியாக மேற்கே பயணம் செய்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. எருசலேமின் தெற்கு எல்லையில் ராமத் ராகேல் என்ற இடத்தில் பாரசீகர் காலத்து அரண்மனைத் தோட்டம் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன் குளத்துச் சுவரைப் பூசியபோது ஈரச் சாந்தில் ஒட்டிக் காய்ந்துபோன மகரந்தத்தை ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துப் பார்த்ததில், எத்ரோக், மிருதுச்செடி, ஆற்றலரி ஆகிய மூன்றின் மகரந்தமும் கிடைத்திருக்கிறது. நாங்கள் இருக்கும் வீட்டிலிருந்து அந்த இடத்துக்குப் பேருந்தில் போய்விடலாம். மேசை மீதிருந்த காயைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சாந்துப் பூச்சு என் நினைவுக்கு வந்தது.

லூலாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இன்னும் விரியாத இளம் பேரீச்ச ஓலை அது. ஈட்டி போல நிமிர்ந்து, நுனி மூடியிருக்க வேண்டும். நட்ட நடுவில் இருக்கும் இரட்டை இலை பிளந்திருக்கக் கூடாது. நான் வாங்கியது நேராகவும் பசுமையாகவும் இருந்தது, ஏழு நாளும் அப்படியே இருந்தது. லூலாவ் எளிதில் கெடாத சரக்கு. அதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஹதாஸில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான், ஆனால் அது நுணுக்கமானது. கிளையின் ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள் ஒரே மட்டத்தில் புறப்பட வேண்டும். ஓர் இலை மயிரிழை கீழே இறங்கியிருந்தாலும் உயர்ந்த தரம் என்ற பெயர் போய்விடும். சாதாரணமாகக் காட்டில் வளரும் மிருதுச்செடியில் கணுவுக்கு இரண்டு இலைதான் இருக்கும் என்பதால், மூவிலைக் கிளைகளைத் தனியே பயிர் செய்கிறார்கள். உறையைப் பிரித்துப் பார்க்கக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை. ஒட்டியிருந்த சான்றை நம்பி வாங்கினோம். வீட்டுக்கு வந்து பிரித்தபோது மூன்றில் இரண்டு அருமையாக இருந்தன. மூன்றாவதின் கீழ்ப்பகுதியில் சில கணுக்கள் பிசகியிருந்தன. பெரும்பகுதி ஒழுங்காக இருந்தால் போதும் என்று விதி இருப்பதால் அதுவும் செல்லும் என்றார் பெரியவர். இலையைக் கசக்கினால் யூக்கலிப்டஸுக்கும் துளசிக்கும் இடைப்பட்ட மணம் வருகிறது. ஹதாஸும் யூக்கலிப்டஸும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் யூக்கலிப்டஸ் வாடை அடிப்பதில் வியப்பில்லை. எஸ்தருடைய எபிரெயப் பெயராகிய அத்சாள் இந்தச் செடியின் பெயர்தான்.

இனி ஆற்றலரி. என் குறை முழுவதும் இதைப் பற்றியதுதான்.

ஆற்றங்கரையில் வளரும் மரத்தின் கிளை இது. தண்டு சிவந்து, இலை நீண்டு, ஓரம் பல்லில்லாமல் இருக்க வேண்டும்; தண்டு வெளுத்து, இலை உருண்டு, ஓரம் அரிவாள் போலப் பல்லோடு இருப்பது வேறு மரம், அது செல்லாது என்று யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலாகிய தல்மூது அடையாளம் சொல்கிறது. நான்கில் மிக மலிவானது ஆற்றலரி. அதனாலேயே அதை யாரும் கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை. உறைக்குள் காற்றுப் புகாமல் அடைத்திருந்த அந்த இரண்டு கிளைகளும் பண்டிகையின் முதல் நாள் காலையில் எடுத்தபோதே இலை நுனி கருத்திருந்தன. இரண்டாம் நாள் காலையில் கையை வைத்தவுடன் இலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. இலைகளில் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டால் கிளை செல்லாது. கிளை செல்லாவிட்டால் கட்டு முழுவதும் செல்லாது. 100 ஷெகல் கொடுத்து வாங்கிய எத்ரோக், ஒரு புள்ளிகூட இல்லாத எத்ரோக், அன்று பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. உதிர்ந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசை ஓரத்தில் அடுக்கி வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. பல வாரங்களுக்கு முன்பே வெட்டிக் குளிர்சாதன அறையில் போட்டு வைத்த சரக்கைப் புதியது என்று சொல்லி உறையில் அடைத்து விற்பது சரியான வியாபாரம் அன்று. தரச்சான்று ஒட்டுகிறவர்கள் வெட்டிய தேதியையும் ஒட்டினால் வாங்குகிறவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

அன்று பெரியவர் சொன்ன பழைய விளக்கத்தை இங்கே எழுதினால்தான் அந்த இழப்பின் கனம் புரியும். எத்ரோக்குக்குச் சுவையும் உண்டு, மணமும் உண்டு. கல்வியும் நற்செயலும் கொண்ட மனிதர்களைப் போல. பேரீச்சைக்குக் கனியின் சுவை உண்டு, மணம் இல்லை. கல்வி மட்டும் உள்ளவர்கள். மிருதுச்செடிக்கு மணம் உண்டு, சுவை இல்லை. நற்செயல் மட்டும் உள்ளவர்கள். ஆற்றலரிக்கு இரண்டுமே இல்லை. இந்த நால்வரையும் ஒரே கட்டாகக் கட்டு, ஒருவர் குறையை மற்றவர் ஈடு செய்யட்டும் என்று கடவுள் சொல்வதாக லேவியராகமத்துக்கு எழுந்த பழைய விளக்கவுரை கூறுகிறது. அதே உரையில் வேறொரு விளக்கமும் உண்டு: லூலாவ் முதுகெலும்பு, எத்ரோக் இதயம், மிருது இலை கண், ஆற்றலரி இலை உதடு. உதட்டின் வடிவம் அந்த இலைக்கு உண்மையிலேயே இருக்கிறது. உதிர்ந்து கிடந்த ஓர் இலையை எடுத்துப் பார்த்தபோதுதான் நான் அதைக் கண்டேன். எதற்கும் உதவாதது என்று தோன்றும் ஒன்று இல்லாமல் மற்ற மூன்றும் செல்லாமல் போவதைச் சொல்லாகக் கேட்டிருந்தால் நல்ல கருத்து என்று கடந்து போயிருப்பேன். பெட்டிக்குள் கிடந்த எத்ரோக் அதை வேறு விதமாகச் சொன்னது.

ஆற்றலரிக்கு இன்னொரு சிறப்பும் இருக்கிறது. மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை எருசலேமில் மழை என்பதே அநேகமாக இல்லை. முன்மாரியை எதிர்பார்த்து நிலம் வெடித்துக் கிடக்கும் பருவத்தில்தான் கூடாரப் பண்டிகை வருகிறது. அந்தப் பண்டிகையில்தான் வரும் ஆண்டுக்கான தண்ணீர் அளந்து தீர்க்கப்படுகிறது என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா சொல்கிறது. நான்கு இனங்களும் தண்ணீரில்லாமல் வாழாதவை, உலகமும் அப்படியே, ஆகையால் இவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு மழைக்காக மன்றாடுகிறோம் என்று பழைய ஆசிரியர்கள் காரணம் சொல்லியிருக்கிறார்கள். எருசலேமில் யூதர்களின் தேவாலயம் இருந்த காலத்தில் சீலோவாம் குளத்திலிருந்து பொற்குடுவையில் தண்ணீர் மொண்டு வந்து பலிபீடத்தில் வார்ப்பார்கள். எருசலேமுக்குக் கீழே உள்ள மோட்சா என்ற இடத்துக்கு இறங்கிப் போய், நீண்ட ஆற்றலரிக் கிளைகளைக் கொண்டு வந்து, நுனிகள் பலிபீடத்தின் மேல் கவியும்படி சுற்றிலும் நிறுத்துவார்கள். மோட்சா இன்றும் அதே பெயரில், டெல் அவீவ் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. பேருந்து அந்தப் பள்ளத்தாக்கில் வளைந்து ஏறும்போது பெரியவர் எப்போதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஏன் என்று இப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான்கையும் ஒரே இடத்தில் திரட்டுவது அந்தக் காலத்திலேயே பெரும்பாடாக இருந்திருக்கிறது. கி.பி. 132இல் உரோமருக்கு எதிராகக் கிளர்ச்சி செய்த பார் கோக்பா, போருக்கு நடுவில், லூலாவும் எத்ரோக்கும் ஏற்றி வர இரண்டு கழுதைகளை அனுப்புவதாகவும், மிருதுவையும் ஆற்றலரியையும் வேறு ஆட்களை விட்டு வரவழைக்க வேண்டும் என்றும் எழுதிய கடிதம், சாக்கடல் அருகே ஒரு குகையில் 1960இல் கிடைத்தது. அவர் அடித்த வெள்ளிக் காசுகளில் லூலாவும் எத்ரோக்கும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

மூன்றாம் நாள் காலையில், தெருமுனையில் வாளித் தண்ணீரில் ஆற்றலரிக் கட்டுகளைப் போட்டு விற்றுக்கொண்டிருந்த சிறுவர்களிடம் 10 ஷெகலுக்கு இரண்டு கிளை வாங்கி வந்தேன். அன்று காலையில் வெட்டியவை என்பது பார்த்தவுடனே தெரிந்தது: தண்டு செக்கச் செவேலென்று இருந்தது, இலையின் அடிப்பக்கம் வெள்ளி போல மின்னியது. பெரியவர் அவற்றைக் கையில் வாங்கி, ஓலையில் பின்னிய உறையில் லூலாவின் இடப்பக்கம் செருகினார். வலப்பக்கம் மிருது, ஆற்றலரியைவிடச் சற்று உயரமாக. பயன்படுத்தியபின் கிளைகளை ஈரத்துணியில் சுற்றி, மேலே அலுமினியத் தாளைச் சுருட்டிக் குளிர்பெட்டியில் வைத்தேன். அடுத்த நான்கு நாளும் தாங்கின. சந்தையில் 160 ஷெகலுக்கு வாங்கிய தொகுப்பில் மிகச் சிறந்த பகுதி தெருமுனையில் 10 ஷெகலுக்குக் கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பயன்பாட்டைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் இது அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் பொருள் அன்று. எங்கள் மாடிமுகப்பில் மரச்சட்டமும் துணிச்சுவரும் வைத்துக் கூடாரம் போட்டிருந்தோம். எருசலேமின் பல குடியிருப்புகளில் மாடிமுகப்புகளை ஒன்றன்மேல் ஒன்று கவியாமல் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். கூடாரத்துக்கு மேலே வேறு கூரை வரக்கூடாது, வானம்தான் இருக்க வேண்டும் என்பதே அதற்குக் காரணம். கூரை மண்ணிலிருந்து விளைந்த பொருளால் ஆக வேண்டும்; உள்ளே வெயிலைவிட நிழல் அதிகமாக இருக்க வேண்டும், ஆனால் இரவில் விண்மீன் தெரியும்படி இருப்பது நல்லது. மூங்கில் தட்டியின் இடுக்கு வழியே காலை வெயில் கீற்றுக் கீற்றாக விழ, பெரியவர் லூலாவை வலக்கையிலும் எத்ரோக்கை இடக்கையிலும் பிடித்தார். பக்கவாதத்தால் இடக்கையில் வலுக் குறைந்திருப்பதால், அவர் கைக்குக் கீழே என் கையை ஏந்தலாக வைத்துக்கொண்டேன். ஆசி சொல்லும்வரை எத்ரோக்கைத் தலைகீழாக, பிதாம் கீழே இருக்கும்படி பிடிப்பார்கள். சொல்லி முடித்தபின் நிமிர்த்துவார்கள். பிறகு கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு, மேல், கீழ் என்று ஆறு திசையிலும் நீட்டி, அசைத்து, நெஞ்சுக்குக் கொண்டு வருவார்கள். ஒவ்வொரு அசைப்பிலும் லூலாவின் இலைகள் ஒன்றோடொன்று உரசிச் சலசலவென்று ஓசையிடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தூற்றல் மழை ஓலைக்கூரையில் விழுவது போல இருக்கும். தீய காற்றையும் தீய பனியையும் தடுக்கவே இப்படி அசைப்பது என்று தல்மூதில் ஒரு கருத்து இருக்கிறது. திசைகளையும் வானத்தையும் மண்ணையும் பெயர் சொல்லி அழைக்காமலே கையால் சுட்டித் தொழும் இந்த வழிபாட்டை அத்தனை நெருக்கத்தில் நின்று பார்க்க வாய்த்தது எனக்குக் கிடைத்த பேறு.

முதல் நாள் வேறொன்றும் நடந்தது. கீழ்வீட்டுக்காரர் தொகுப்பு வாங்க முடியாமல் போனதால் மேலே வந்தார். முதல் நாளில் இரவல் வாங்கியதைக் கொண்டு கடமையை நிறைவேற்ற முடியாது. கையில் எடுப்பவருக்கே அது சொந்தமாக இருக்க வேண்டும். ஆகவே பெரியவர், திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு, அதை அவருக்கு முறைப்படி அன்பளிப்பாகக் கொடுத்தார். அவரும் ஆசி சொல்லி, ஆறு திசையும் அசைத்து, அதே முறையில் திரும்ப அன்பளித்துவிட்டுப் போனார். கருத்த நுனியோடு அந்த ஆற்றலரி அன்றைக்கு மட்டுமாவது இரண்டு பேருக்கு உதவியது.

ஏழாம் நாளுக்கு ஓஷானா ரப்பா என்று பெயர். அன்று ஆற்றலரி தனித்து மேடை ஏறுகிறது. ஜெப ஆலயத்தில் நான்கு இனங்களையும் ஏந்தி ஏழு முறை வலம் வந்தபின், அவற்றைக் கீழே வைத்துவிட்டு, ஐந்து ஆற்றலரிக் கிளைகளை மட்டும் கட்டாகப் பிடித்துத் தரையில் அடிக்கிறார்கள். எத்ரோக்குக்கு அந்த மரியாதை கிடையாது. சக்கர நாற்காலியிலிருந்து குனிந்து ஐந்து முறை அடித்தபின் பெரியவர் நிமிர்ந்தபோது, அவருடைய காலணிகளைச் சுற்றிப் பச்சை இலைகள் சிதறிக் கிடந்தன. மறுநாள் மழைக்கான வேண்டுதல் சொல்லப்பட்டது.

பணத்தைப் பற்றிய என் முடிவு இது. எத்ரோக்கை நேரில் பார்த்து வாங்குங்கள், ஆனால் 60, 70 ஷெகலிலேயே குறையில்லாத காய் கிடைக்கும். பண்டிகைக்கு முந்தின மாலையில் விலை இன்னும் இறங்கும், அப்போது நல்ல காய் மீந்திருப்பது நிச்சயமில்லை. லூலாவில் நடுத்தர விலை போதும். ஹதாஸை உறை பிரித்துக் காட்டும் கடையில் மட்டும் வாங்குங்கள். ஆற்றலரியைத் தொகுப்போடு சேர்த்து வாங்கவே வாங்காதீர்கள். பண்டிகைக்கு முந்தின நாள் தண்ணீரில் நிற்கும் கிளைகளாகப் பார்த்துத் தனியே வாங்குங்கள், நடுவில் ஒருமுறை மாற்றுவதற்கும் பணம் ஒதுக்கி வையுங்கள். நான் வாங்கிய தொகுப்பில் எத்ரோக்குக்கும் லூலாவுக்கும் முழு மதிப்பெண் கொடுப்பேன், ஹதாஸுக்கு முக்கால், ஆற்றலரிக்கு ஒன்றுமில்லை.

பண்டிகை முடிந்தபின்னும் இவற்றைக் குப்பையில் போடுவதில்லை. லூலாவ் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. பஸ்கா பண்டிகைக்கு முன் புளித்த மாவுப் பண்டங்களை எரிக்கும் தீயில் அதைப் போடுவார்கள். எத்ரோக்கைச் சிலர் பாகில் இட்டு வைப்பார்கள். பெரியவர் தோல் முழுக்கக் கிராம்பு குத்தச் சொன்னார். ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து வரிசை வரிசையாகக் குத்தினேன், விரல் நுனியில் மூன்று நாள் அந்த வாசம் இருந்தது. ஓய்வுநாள் முடியும் சனிக்கிழமை இரவில் அதை முகர்ந்துதான் வாரத்தைத் தொடங்குகிறோம்.

தெருமுனைச் சிறுவர்களிடம் வாங்கிய இரண்டு ஆற்றலரிக் கிளைகளையும் கழுத்து நீண்ட புட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். பத்தாம் நாள் அடித்தண்டில் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டிருந்தது. இப்போது இரண்டும் மாடிமுகப்பில், கூடாரம் இருந்த மூலையில், ஒரே தொட்டியில் நிற்கின்றன. தினமும் காலையில் தண்ணீர் ஊற்றியபின் எத்தனை இலை புதிதாக வந்திருக்கிறது என்று பெரியவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொல்ல மறந்தால் அவரே கேட்டுவிடுவார்.